நடுங்கும் கார்: பார்ப்பதற்கும் கூலி உண்டு

சென்னையை அடுத்த ஆவடி வட்டாரத்துச் சேக்காட்டில் கார் வைத்திருப்பவர்களுக்கு வண்டியின் நடுக்கம் இரண்டு விதமாகத் தெரியவரும். சி.டி.எச். சாலையில் ஆவடிப் பக்கம் நின்று நின்று கிளம்பும்போது, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டி உதறும். அல்லது நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலை ஏறி 80, 90 கிலோமீட்டர் வேகம் பிடித்ததும் ஸ்டீயரிங் கையில் ஆடும். இரண்டுக்கும் ‘வண்டி ஷேக் ஆகுது’ என்று ஒரே வார்த்தை சொல்லி ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வருகிறோம். அலைன்மென்ட் பார்க்கிறார்கள், பிளக் மாற்றுகிறார்கள், அப்புறம் இன்ஜின் மவுண்டிங் மாற்றுகிறார்கள். பில் ஏறுகிறது, நடுக்கம் நிற்பதில்லை. இதற்கு மெக்கானிக்கின் திறமைக் குறைவைவிட நம் பழக்கம்தான் பெரிய காரணம். மாற்றிய பாகத்துக்குப் பணம் கொடுக்கிறோம். கோளாறைக் கண்டுபிடிக்கும் வேலைக்குக் கொடுக்க மனம் வருவதில்லை. அதனால் கண்டுபிடிக்காமலே பாகம் மாற்றுவது தொழிலின் வழக்கமாகிவிட்டது.

நடுக்கம் எங்கிருந்து வருகிறது என்பதை அது எப்போது வருகிறது என்பதே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். 14 அங்குல ரிம்மின் ஓரத்தில் 20 கிராம் எடை கூடுதலாக இருந்தால், 90 கிலோமீட்டர் வேகத்தில் அது கிட்டத்தட்ட மூன்று கிலோ விசையோடு சக்கரத்தை இழுக்கும். அதுவும் நொடிக்குச் சுமார் 14 முறை. வேகம் பாதியானால் அந்த விசை கால்பங்காகிவிடும். ஊருக்குள் தெரியாத ஆட்டம் வெளிவட்டச் சாலையில் தெரிவது இதனால்தான். இது வேகத்தைப் பொறுத்த கோளாறு. ஆக்சிலரேட்டரில் கால் இருந்தாலும் எடுத்தாலும் அந்த வேகத்தில் ஆட்டம் இருக்கும். பேலன்சிங் செய்வதும், டயர் புடைத்திருக்கிறதா, ரிம் வளைந்திருக்கிறதா என்று பார்ப்பதும் இதற்கு வழி. அலைன்மென்ட் வேறு விஷயம். அது கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். வெறும் நடுக்கத்துக்கு அலைன்மென்ட் செய்வது பெரும்பாலும் வீண் செலவு.

மிதிக்கும்போது மட்டும் நடுங்கி, காலை எடுத்ததும் அதே வேகத்தில் அடங்கிவிட்டால் சக்கரத்தை விட்டுவிட்டு ஆக்சிலைப் பார்க்க வேண்டும். நம் சிறிய கார்கள் பெரும்பாலும் முன்சக்கரம் இழுக்கும் வண்டிகள். ஆக்சிலின் கியர்பாக்ஸ் பக்க ஜாயின்ட்டுக்குள் மூன்று உருளைகள் பள்ளங்களில் ஓடுகின்றன. பள்ளம் தேய்ந்தால், இழுவை ஏறும்போது உருளை சீராக நகராமல் வண்டியைப் பக்கவாட்டில் உலுக்கும். அந்த ஜாயின்ட்டைக் காப்பது ஒரு ரப்பர் பூட். அது கிழிந்தால் கிரீஸ் வெளியே தெறித்து, சுற்றியுள்ள இரும்பில் கறுப்பாக அப்பியிருக்கும். வண்டியைத் தூக்கி டார்ச் அடித்தாலே தெரியும். மழைக்குச் சாலைகளில் நீர் தேங்கும் ஆவடி, பட்டாபிராம் வட்டாரத்தில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. கிழிந்த பூட்டோடு தேங்கிய நீரில் போனால் தண்ணீரும் மண்ணும் உள்ளே புகுந்து ஜாயின்ட்டையே அரித்துவிடும். பூட்டை மட்டும் மாற்றித் தப்பித்திருக்க வேண்டிய இடத்தில் ஆக்சிலுக்கே செலவழிக்க நேரும்.

நியூட்ரலில் நிறுத்தி ஆக்சிலரேட்டர் கொடுத்தாலும் நடுங்கினால், முதலில் பார்க்க வேண்டியது இன்ஜின் பக்கம். மூன்று சிலிண்டர் வண்டி ஐடிலில் கொஞ்சம் அதிர்வது அதன் இயல்பு. ஆனால் திணறலோடு உதறி, பிக்கப்பும் குறைந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் அடிக்கிறது. ஸ்கேனரை மாட்டினால் பி0301 என்ற பிழைக் குறியீடு (கோடு) வரலாம். முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்று அர்த்தம். தவறுவது பிளக்காலா, காயிலாலா, இன்ஜெக்டராலா என்பதை அந்தக் கோடு சொல்லாது. நல்ல மெக்கானிக் உடனே காயில் வாங்கி வரச் சொல்லமாட்டார். முதல் சிலிண்டரின் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டி ஓட்டிப் பார்ப்பார். கோடு பி0302 ஆக மாறினால் கோளாறு காயிலோடு போயிருக்கிறது. மாறாவிட்டால் அடுத்துப் பிளக்கை அப்படி மாற்றிப் பார்ப்பார். பாகச் செலவே இல்லாத இந்தச் சோதனை, ஊகத்தைச் சான்றாக்கிவிடுகிறது. மிஸ்ஸிங்கோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய், அதைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். அதன் விலைக்கு முன் காயிலின் விலை மிகச் சிறியது.

‘அனுபவசாலி சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவார், சோதனை எதற்கு’ என்று கேட்கலாம். அனுபவம் எங்கே முதலில் பார்ப்பது என்று சொல்லும். அங்கேதான் கோளாறு என்று உறுதி செய்வது சோதனைதான். உண்மையான அனுபவசாலிகள் இரண்டையும் செய்கிறார்கள். ‘எல்லாம் எத்தனால் கலந்த பெட்ரோலால் வந்தது’ என்பது இப்போது பரவலாகக் கேட்கும் பேச்சு. 20 சதவீத எத்தனால் பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்களைப் பாதிக்கலாம் என்ற கவலையில் நியாயம் உண்டு. ஆனால் எல்லாச் சிலிண்டருக்கும் போவது ஒரே பெட்ரோல். ஒன்று மட்டும் மிஸ்ஸிங் அடித்தால், பெட்ரோலைக் குறை சொல்வதற்கு முன் அந்தச் சிலிண்டரைப் பார்ப்பதே முறை. ‘பார்ப்பதற்கு மட்டும் காசா’ என்பதுதான் மிகப் பெரிய ஆட்சேபம். ஒரு மணி நேரம் வண்டியை ஓட்டி, தூக்கி, கழற்றிப் பார்ப்பவருக்கு ஒன்றும் கொடுக்காவிட்டால், அந்த நேரத்தின் கூலியை அவர் ஏதாவது ஒரு பாகத்தின் விலையில்தான் எடுக்க முடியும். வேண்டாத பாகத்தை அவர் தலையில் கட்டினார் என்று நாம் வருந்துகிறோம்; அதற்கான கட்டாயத்தை உண்டாக்கியதில் நமக்கும் பங்குண்டு.

1961இல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலை இயங்கும் ஊர் ஆவடி. பக்கத்திலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டை. இரும்பையும் இன்ஜினையும் அறிந்த கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. அந்த அறிவு நமக்குப் பயன்பட, வண்டியை விடும்போது மூன்று விவரம் சொல்லுங்கள்: எந்த வேகத்தில் நடுங்குகிறது, காலை எடுத்தால் நிற்கிறதா, நிறுத்தி ஆக்சிலரேட்டர் கொடுத்தாலும் நடுங்குகிறதா. முடிந்தால் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள். ‘கண்டுபிடிப்பதற்கு எவ்வளவு’ என்று முதலிலேயே கேட்டு, பாகம் எதுவும் மாற்றாவிட்டாலும் அந்தத் தொகையைக் கொடுங்கள். எதை வைத்து இந்தப் பாகம் என்று முடிவு செய்தார் என்று கேட்கும் உரிமை அப்போது உங்களுக்கு வரும். சொல்லும் பொறுப்பு அவருக்கும் வரும்.