பற்றரியை மாற்றுமுன் அளந்து பாருங்கள்

என்னிடம் இருப்பது ஒரு பழைய 'பட்டா' வாகனம். குறிகட்டுவானிலிருந்து படகில் வரும் அரிசி, மா, சீமெந்து மூட்டைகளை நயினாதீவு இறங்குதுறையிலிருந்து கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் காணாமற்போன பின் வீட்டில் அடுப்பெரிவது இந்த உழைப்பில்தான். ஆனித் திருவிழா நெருங்கும் நேரம் பார்த்து வாகனம் 'ஸ்ராட்' ஆகாமல் முக்கத் தொடங்கியது.

பார்த்தவர்களெல்லாம், "பற்றரி போட்டுது, புதிசு வாங்கு பிள்ளை" என்றார்கள். பெண்ணொருத்தி வாகனத்தோடு நின்றால் ஆலோசனைக்குப் பஞ்சமே இல்லை! காசு கொடுப்பது நான்தானே, முதலில் அளப்போம் என்று மல்ரிமீற்றரை எடுத்தேன்.

என்ஜின் ஓடாதபோது நல்ல பற்றரி 12.5 வோல்ற்றுக்குக் கிட்டக் காட்டும். ஓடும்போது ஒல்ரனேற்றர் மின்னேற்றுவதால் அது 13.8 முதல் 14.5 வரை உயரவேண்டும். எனக்கோ நின்றபோது 12.1, ஓடியபோது 12.0. முன்விளக்கைப் போட்டதும் 11.7. பற்றரிக்குச் செலவு உண்டு, வரவு இல்லை. புதுப் பற்றரி போட்டிருந்தாலும் சில நாளில் அதுவும் படுத்திருக்கும்.

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து, மிதியைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டவர்களுக்கு ஒல்ரனேற்றர் புதிதல்ல. டைனமோவுக்குள் காந்தம் சுழல்கிறது. இதற்குள் காந்தத்துக்குப் பதிலாக ஒரு கம்பிச்சுருள் சுழல்கிறது. அதற்கு மின்னைக் கொடுப்பவை 'பிரஷ்' எனப்படும் இரு கரித்துண்டுகள். அவை தேய்ந்தால் காந்தசக்தி இல்லை, மின்னும் இல்லை. சாவியைத் திருப்பியதும் எரியவேண்டிய சிவப்புப் பற்றரி விளக்கு எரியாததும் எனக்கு அந்தச் சந்தேகத்தையே தந்தது.

என்றாலும் உடனே கழற்றவில்லை. பெல்ற் தளரவில்லை. எங்கள் உப்புக்காற்றில் வயர் முனைகள் பச்சை பூத்துவிடும். 'ஏர்த்' வயர் அரித்தால் நல்ல ஒல்ரனேற்றரும் செத்ததுபோலவே காட்டும். முனைகளை அரத்தாளால் தேய்த்து இறுக்கிப் பார்த்தேன், மாற்றமில்லை. ஒல்ரனேற்றரின் பின்பக்கத் தடித்த முனையிலும் அதே 12.0. இனிப் பழுது உள்ளேதான்.

என்ஜின் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றிப் பார்க்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. செய்யாதீர்கள், டயோட்டுகள் எரிந்துபோகும். ஒல்ரனேற்றரில் கைவைக்குமுன் பற்றரியின் மறை முனையைக் கழற்றுங்கள். பின்பக்க வயரில் எப்போதும் மின் உண்டு, சாவி பட்டால் பொறி பறக்கும்.

வயர்களைக் கைத்தொலைபேசியில் படமெடுத்தபின், பெல்ற்றையும் ஆணிகளையும் கழற்றினேன். வாகனத்தைக் கடல் கடத்துவது பெரும்பாடு. ஒல்ரனேற்றரோ மடியில் அடங்கும். படகிலும் பஸ்ஸிலுமாக யாழ்ப்பாணம் கொண்டுபோனேன். பிரித்துக் காட்டச் சொன்னேன். பிரஷ்கள் அடிவரை தேய்ந்து, அவை உரசும் செப்பு வளையங்களும் குழிவிழுந்திருந்தன. பிரஷ் மட்டுமென்றால் சொற்பச் செலவோடு முடிந்திருக்கும். திருத்திய வேறொன்றை, கப்பியும் ஆணித்துளைகளும் பொருந்துகின்றனவா என்று பழையதோடு வைத்துப் பார்த்து, கடையிலேயே ஓட்டிக்காட்டிய பின்தான் காசு கொடுத்தேன்.

பூட்டுமுன் பற்றரியை இரவு முழுதும் சார்ஜரில் போட்டேன். வெறும் பற்றரியை நிரப்பும் பாரத்தைப் புதிதாகப் பூட்டியதன் தலையில் சுமத்தக்கூடாது. காலையில் அளந்தேன்: 14.2. விளக்குப் போட்டும் 13.9.

பழைய பற்றரிதான் இன்னும் கிடக்கிறது. மாதமொருமுறை அளந்து கதவின் உட்புறத்தில் பென்சிலால் எழுதிவைக்கிறேன். இந்த மாதம் 14.1.