ஆச்சா மரமும் நாகசுரமும்

சென்ற வைகாசித் திங்களில், லிங்கராஜபுரத்தில் நம்மவர் இல்லத் திருமணமொன்றிற்குச் சென்றிருந்தேன். மங்கல நாண் பூட்டும் வேளையில் கெட்டிமேளம் முழங்கியது. ஆயின் வாசிப்போர் எவரையும் காணோம், ஒலிபெருக்கியே முழங்கிற்று. அருகிலிருந்த சிறுவன், "நாகசுரம் பார்க்க எப்படி இருக்கும், மாமா?" என்று வினவினான். அவ்வினாவே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் இருப்புப்பாதையில், ஆடுதுறையை அடுத்துள்ள சிற்றூர் நரசிங்கம்பேட்டை. அங்கே நாகசுரம் செய்வதையே வழிவழித் தொழிலாகக் கொண்ட ஆசாரிமார் குடும்பங்கள் சில உள்ளன. சீவாளி, கெண்டை, உலவு, அணசு என்பன நாகசுரத்தின் உறுப்புகள். நீண்ட குழலாகிய உலவு, ஆச்சா மரத்தில் கடையப்படுவது. பச்சை மரம் இதற்கு உதவாது. உலரும்போது வெடிக்கும், சுருதியும் பிறழும். ஆதலால் பழைய வீடுகளைப் பிரிக்கையில் கிடைக்கும், பல்லாண்டு உலர்ந்த தூண்களையும் உத்தரங்களையும் தேடி வாங்குகின்றனர். விரல் வைத்து வாசிக்க ஏழு துளைகள். நாதத்தைச் செம்மை செய்யக் கீழே ஐந்து துளைகள்.

முற்காலத்தில் குட்டையான திமிரி நாகசுரமே பெருவழக்காயிருந்தது. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை நீண்ட பாரி நாகசுரத்தை விழைந்தார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி 1955இல் அதனைச் செம்மையுறச் செய்தளித்தார். 2022இல் அவ்வூர் நாகசுரத்திற்குப் புவிசார் குறியீடும் கிட்டியது.

ஐரோப்பாவில் இதற்கு உறவான இடைக்காலக் குழற்கருவிகள் வழக்கொழிந்தன. இன்று பழஞ்சிற்பங்களையும் ஓவியங்களையும் ஆராய்ந்தே அவற்றை மீண்டும் செய்கின்றனர். நமக்கோ அளவு அறிந்த கைகள் இன்னும் உள்ளன. வாசிப்போரை அழைப்பார் குறைந்தால், கருவி செய்வாரும் குறைவர்.

என் குற்றத்தையும் கூறிவிடுகிறேன். பாட்டனார் கட்டிய எங்கள் ஊர் வீட்டைச் சில ஆண்டுகளுக்கு முன் பிரித்தோம். உத்தரங்களை விறகு விலைக்கே தள்ளினோம். அவற்றுள் ஆச்சா இருந்ததோ என்று எவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்பர்களே! ஊரில் பழைய வீட்டைப் பிரிக்க நேர்ந்தால், மரம் இன்னதென்று அறிந்தபின் விற்பீராக. இல்லத் திருமணத்தில் ஏனைய செலவைச் சற்றே குறைத்தேனும் ஒரு செட்டு நாகசுரம், தவிலுக்குச் சொல்லுவீராக. நம் பிள்ளைகள் அக்கருவியைக் கண்ணாரக் காணட்டும்.