பாலிசியில் 17ஆம் எண்ணைத் தேடுங்கள்

ஆசிரியர் அறையில் ஊதிய நிர்ணயம் முதல் மகளின் திருமணச் செலவு வரை எல்லாம் பேசுகிறோம். குழந்தையின்மை சிகிச்சைக்கு ஆகும் செலவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சக ஆசிரியர்களுக்குக் காப்பீட்டுப் படிவம் நிரப்பித் தருபவன் என்பதால், மதிய இடைவேளையில் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள்: "சார், இதுக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா?" பெரும்பாலும் நகைக்கடன் வாங்கிய பிறகுதான் இந்தக் கேள்வி வருகிறது.

அரசு ஊழியர் மருத்துவக் காப்பீட்டில் எவற்றுக்கெல்லாம் பணம் கிடைக்கும் என்பது அரசாணையின் இணைப்பில் பட்டியலாக இருக்கிறது. மருத்துவமனை 'காப்பீடு உண்டு' என்று சொல்வதை நம்பிப் போகாமல், மருத்துவர் எழுதித் தந்த சிகிச்சையின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சொந்தமாக எடுக்கும் பாலிசிகளின் கதை வேறு. எந்தெந்தச் செலவுகளை விலக்கலாம் என்பதற்கான பொதுவான வாசகங்களைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்தது. அதில் 17ஆம் எண் மலட்டுத்தன்மை, குழந்தையின்மை பற்றியது. ஐ.வி.எஃப்., இக்ஸி, செயற்கை விந்தூட்டல், வாடகைத்தாய், கருத்தடை அறுவையை மாற்றியமைத்தல் எல்லாம் அதற்குள் வரும். பாலிசியில் அந்த எண் இருந்தால் இவற்றுக்குப் பணம் வராது. சில நிறுவனங்கள் தாய்மைப் பலனோடு சேர்த்தோ, கூடுதல் பிரீமியத்துக்கோ இந்த விலக்கைத் தளர்த்துகின்றன. நாம் தேட வேண்டியது அத்தகைய பாலிசியைத்தான்.

கிடைத்துவிட்டால் உடனே கையெழுத்துப் போட வேண்டாம். காத்திருப்புக் காலத்தை மனைவியின் வயதோடு கூட்டிப் பாருங்கள். வயது 36, காத்திருப்பு 3 ஆண்டு என்றால் முதல் கிளெய்முக்கு 39 ஆகிவிடும். வயது ஏற ஏற ஐ.வி.எஃப். வெற்றி வாய்ப்பு குறைகிறது. எனவே அந்தப் பிரீமியத்தைச் சிகிச்சைக்கே சேமிப்பது மேல் என்று சிலருக்கு நானே சொல்லியிருக்கிறேன். புதிதாகப் பணியில் சேர்ந்த இளம் ஆசிரியர்களுக்குக் கணக்கு நேர்மாறாக வரும்.

அடுத்தது, எந்தச் செலவு எதற்குள் வரும் என்பது. ஐ.வி.எஃப்.பில் கருமுட்டை எடுப்பது ஒரே நாளில் முடிந்துவிடும். அதற்கு முன் 10 நாள் போல ஹார்மோன் ஊசி போட வேண்டும். மருந்துக்கடை பில் பெரிதாவது அங்கேதான். ஆனால் அது வெளிநோயாளிச் செலவு. ஊசிக்கும் ஸ்கேனுக்கும் பணம் உண்டா, உச்சவரம்பு எவ்வளவு, எத்தனை முறை முயலலாம் என்று நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். முகவர் வாயால் சொன்னது கிளெய்ம் நேரத்தில் எடுபடாது.

ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. நார்த்திசுக்கட்டி, எண்டோமெட்ரியோசிஸ், சினைப்பைக் கட்டி ஆகியவை தனி நோய்கள். அவற்றுக்கான அறுவை சிகிச்சையைக் காத்திருப்புக் காலம் முடிந்தபின் சாதாரண பாலிசிகளே ஏற்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'குழந்தையின்மை' என்று மட்டும் எழுதியிருந்தால் 17ஆம் எண்ணைக் காட்டி மறுத்துவிட வாய்ப்புண்டு. உள்ள நோயை உள்ளபடி பெயர் சொல்லி எழுதித்தருமாறு மருத்துவரிடம் கேளுங்கள். இல்லாத நோயை எழுதச் சொல்வது மோசடி. விண்ணப்பத்தில் முந்தைய சிகிச்சையை மறைப்பதும் அப்படித்தான். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு இப்போது அதிகபட்சம் 36 மாதம்தான். மறைக்க அவசியமும் இல்லை.

எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 2024இல் அரசின் செயற்கை கருத்தரித்தல் மையம் தொடங்கப்பட்டிருக்கிறது. தனியார் மையத்தில் முன்பணம் கட்டுமுன் அங்கே ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் நிபந்தனை பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம். கிளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்துக்கே எழுத்துமூலம் புகார் செய்யுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.