உப்பும் சர்க்கரையும் உணர்த்தும் பாடம்

பிணி தீர்க்கும் பணி மருத்துவர் ஒருவரால் மட்டும் நிறைவேறுவதன்று. நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து அதனை அளிப்பவர் என மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கிறது திருக்குறளின் 'மருந்து' அதிகாரம். நான்காமவரை 'உழைச்செல்வான்' என்கிறார் வள்ளுவர். இன்றைய மருத்துவமனையில் அந்த ஓரிடத்தில் செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்புநர், இயன்முறை மருத்துவர் எனப் பலர் நிற்கின்றனர். இவர்கள் அனைவருக்கும் வேண்டிய அடிப்படை அறிவு, மேல்நிலைப் பள்ளியின் வகுப்பறையிலேயே வேரூன்ற வேண்டும். அவ்வறிவு எத்தகையது, அதனை எவ்வாறு கற்பிக்கலாம் என்பதை ஓர் எளிய மருந்தின் வழியாகக் காண்போம்.

உயிர்மருத்துவ அறிவியல்

உயிரியல், வேதியியல், இயற்பியல் ஆகியவற்றை மனித உடலின் நலத்தோடும் நோயோடும் பொருத்திப் பயில்வதே உயிர்மருத்துவ அறிவியல் ஆகும். பாடநூல்களில் இவை தனித்தனியே இருப்பினும் உடலுக்குள் இப்பிரிவினை இல்லை. இரத்த அழுத்தத்தை அளக்கும்போது இயற்பியலும், சிறுநீரில் சர்க்கரையைக் கண்டறியும்போது வேதியியலும், கிருமியை இனங்காணும்போது உயிரியலும் துணை நிற்கின்றன. இம்மூன்றும் ஒரு புள்ளியில் கூடுவதற்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் சிறந்த சான்றாகும்.

குடலில் நிகழும் வேதியியல்

காலரா கண்டவர் நோயின் கடுமையால் சில மணி நேரத்திலேயே உயிரிழக்க நேரிடலாம். கிருமியின் நச்சு, சிறுகுடல் செல்களிலிருந்து உப்பையும் நீரையும் இடைவிடாது வெளியேறச் செய்கிறது. வெறும் நீரைப் பருகுவதால் இழப்பு ஈடாவதில்லை. ஆயினும், குளுக்கோசையும் சோடியத்தையும் ஒருசேர உள்ளே கொண்டு செல்லும் வாயில் ஒன்று செல் சவ்வில் உள்ளது. நச்சு அதனைக் கெடுப்பதில்லை. அவை உள்ளே செல்ல, சவ்வூடு பரவலால் நீரும் பின்தொடர்கிறது. குளுக்கோசும் சோடியமும் இவ்வாறு இணைந்து செல்வதை 1960ஆம் ஆண்டு அமெரிக்க உயிர்வேதியியல் அறிஞர் இராபர்ட் கிரேன் விளக்கினார்.

அளவும் உயிரும்

உலக நலவாழ்வு அமைப்பு 2002இல் திருத்தியமைத்த கரைசலில், ஒரு லிட்டர் நீருக்கு 13.5 கிராம் குளுக்கோசு, 2.6 கிராம் சாதாரண உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சோடியம் சிட்ரேட் ஆகியன உள்ளன. குளுக்கோசின் மூலக்கூறு நிறை 180. எனவே 13.5 கிராம் என்பது 75 மில்லிமோல் ஆகும். உப்பிலும் சிட்ரேட்டிலும் உள்ள சோடியத்தைக் கூட்டினால் அதுவும் ஏறத்தாழ 75 மில்லிமோலே. மோல் கணக்கைத் தேர்வுக்காக மட்டும் பயின்ற மாணவர், அக்கணக்கு ஓர் உயிரைத் தாங்கி நிற்பதை இங்கே காண்கிறார்.

ஒரு லிட்டர் நீரில் கலக்க வேண்டிய பொட்டலத்தை ஒரு தாய் அரை லிட்டரில் கலந்துவிடுவதாகக் கொள்வோம். கரைசலின் செறிவு இருமடங்காகும். அடர்ந்த கரைசல் உடலிலிருந்து நீரைக் குடலுக்குள் இழுப்பதால் வயிற்றுப்போக்கு மிகும். குருதியில் சோடியமும் வரம்பு கடந்து உயரக்கூடும். அளவை மனப்பாடம் செய்த பணியாளர் 'ஒரு லிட்டரில் கலக்குங்கள்' என்று மட்டும் சொல்வார். காரணம் அறிந்தவரோ தாய்க்குப் புரியுமாறு அதனை விளக்கிக் குழந்தையைக் காப்பார். அறிவியலைக் காரணத்தோடு கற்பிக்க வேண்டும் என்பதன் பொருள் இதுவே.

பங்கான் முகாம்

1971ஆம் ஆண்டு வங்காளதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்கத்தின் பங்கான் முகாமில் தஞ்சம் புகுந்தோரிடையே காலரா பரவியது. நரம்பு வழியே செலுத்தும் நீர்மம் போதவில்லை. அங்குப் பணியாற்றிய மருத்துவர் திலீப் மகலனாபிஸ், கரைசலைப் பெரிய கலன்களில் நிறைத்து, நோயாளிகளின் உறவினர்களே அதனைப் புகட்டுமாறு செய்தார். அவரது குழுவினரின் பொறுப்பிலிருந்தோரிடையே, ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்த இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது. ஆய்வகத்தில் பிறந்த அறிவு, அருகிருந்தோர் கைகளின் வழியாகவே உயிர்களை மீட்டது.

வகுப்பறையில் கற்பிக்கும் முறை

இத்தகைய கல்விக்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. உருளைக்கிழங்குத் துண்டுகளை வெறும் நீரிலும் உப்பு நீரிலும் இட்டு எடை பார்த்தால் சவ்வூடு பரவல் கண்முன்னே விளங்கும். ஓய்விலும் ஓட்டத்திற்குப் பின்னரும் நாடித்துடிப்பை எண்ணி வரைபடமாக்கலாம். ஒருவர் நாடியை இருவர் தனித்தனியே எண்ணினால் முடிவுகள் வேறுபடக்கூடும். ஓர் அளவீட்டை மீண்டும் சரிபார்க்க வேண்டியதன் தேவை அப்போது புலனாகும். பிறர் உடல்நலச் செய்தியை வெளியிடாது காக்கும் பண்பையும் இப்பயிற்சியின்போதே பழக்கலாம்.

விரியும் வாய்ப்புகள்

தமிழ்நாட்டு மேல்நிலைக் கல்வியில் உயிரியலோடு உயிர் வேதியியலும் நுண்ணுயிரியலும் பாடங்களாக உள்ளன. தொழிற்கல்விப் பிரிவில் செவிலியமும் கற்பிக்கப்படுகிறது. இணைநிலை நலவாழ்வுத் தொழில்களின் கல்வியையும் பணித்தரத்தையும் ஒழுங்குபடுத்தத் தனி ஆணையம் அமைக்கும் சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் 2021இல் இயற்றியது. மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்காவிடின் நலவாழ்வுத் துறையின் கதவே அடைபட்டதாக எண்ணி மனம் தளரும் மாணவர் பலர். அவ்வெண்ணம் பிழையானது. நோயைக் கண்டறியும் குருதிச் சோதனையும், முடங்கிய காலை நடக்கவைக்கும் பயிற்சியும், சிற்றூரில் குழந்தைக்கு இடப்படும் தடுப்பூசியும் மருத்துவரல்லாத பலரின் அறிவையும் கைத்திறனையும் சார்ந்தே நிற்கின்றன.

ஆகவே, செல் சவ்வைப் பற்றிப் படிக்கும்போதும் கரைசலின் செறிவைக் கணக்கிடும்போதும் 'இஃது ஏன் இவ்வாறு நிகழ்கிறது?' என்று வினவுவோம். வருங்காலத்தில் ஒரு நோயாளியின் அருகில் நிற்கப்போகும் எவருக்கும் அவ்வினாவே முதற் பயிற்சியாகும்.