அயல்நாட்டு மாணவரைச் சேர்த்தால் 24 மணி நேரத்தில் தகவல்: கண்காணிப்பு வளையத்துக்குள் கல்லூரிகள்

நமது சிறப்பு நிருபர்

புது தில்லி: கொச்சி மட்டாஞ்சேரியிலும் அதை ஒட்டிய ஃபோர்ட் கொச்சியிலும் சுற்றுலாப் பயணிகளுக்கு வீட்டு அறைகளை வாடகைக்கு விடுவோர் "சி" படிவத்தை நன்கு அறிவர். வெளிநாட்டவர் ஒருவர் வந்து தங்கினால், அவரது பாஸ்போர்ட், விசா விவரங்களை 24 மணி நேரத்துக்குள் குடியேற்ற அதிகாரிகளுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது நெடுநாளைய விதி. இதே கடமை கல்வி நிறுவனங்களுக்கும் உண்டு. ஆனால், விடுதி உரிமையாளர்களின் கடமை பேசப்பட்ட அளவுக்குக் கல்லூரி அலுவலகங்களின் கடமை பேசப்பட்டதில்லை.

2025 செப்டம்பர் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் அயல்நாட்டினர் சட்டம் இந்த நிலையை மாற்றியுள்ளது. அயல்நாட்டவரைச் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகமோ வேறு எந்தக் கல்வி நிறுவனமோ, அவரைப் பற்றிய தகவல்களைப் பதிவு அதிகாரிக்கு அளிக்க வேண்டும் என்பது இப்போது நாடாளுமன்றச் சட்டத்திலேயே தனிப் பிரிவாக இடம்பெற்றுள்ளது. பள்ளிகளும் இதற்கு விலக்கல்ல.

சேர்க்கை அளித்த 24 மணி நேரத்துக்குள் இணையவழியில் விவரங்களை அனுப்ப வேண்டும் என்பது சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட விதி. அத்துடன் கடமை முடிந்துவிடுவதில்லை. மாணவரின் கல்வித் தேர்ச்சி, வருகைப் பதிவு, பொதுவான நடத்தை ஆகியவை குறித்தும் பருவந்தோறும் அறிக்கை அளிக்க வேண்டும். "எஸ்" படிவம் என்று அறியப்பட்ட முந்தைய முறையைக் காட்டிலும் இது பல படி மேலே சென்றுள்ளது.

நான்கு சட்டங்களுக்குப் பதில் ஒன்று

1920-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் (இந்தியாவுக்குள் நுழைதல்) சட்டம், 1939-ஆம் ஆண்டின் அயல்நாட்டினர் பதிவுச் சட்டம், 1946-ஆம் ஆண்டின் அயல்நாட்டினர் சட்டம், 2000-ஆம் ஆண்டின் குடியேற்றம் (போக்குவரத்து நிறுவனங்களின் பொறுப்பு) சட்டம் ஆகிய நான்கையும் ரத்து செய்துவிட்டு, அவற்றின் இடத்தில் ஒரே சட்டம் கொண்டுவரப்பட்டுள்ளது. இவற்றில் மூன்று ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தவை.

2025 மார்ச் 11-ஆம் தேதி மசோதா அறிமுகமானபோதே காங்கிரஸ் உறுப்பினர் மணீஷ் திவாரி எதிர்ப்புத் தெரிவித்தார். மசோதாவைத் திரும்பப் பெற வேண்டும் அல்லது நாடாளுமன்றக் கூட்டுக்குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று அவர் கோரினார். திரிணமூல் காங்கிரஸின் செளகதா ராயும் எதிர்த்தார். அறிவும் திறமையும் நாட்டுக்குள் வருவதை இச்சட்டம் தடுத்துவிடும் என்பது அவரது வாதம். நாட்டின் பாதுகாப்பை முன்னிறுத்தி உள்துறை அமைச்சர் அமித் ஷா பதிலளித்தார். மார்ச் 27-இல் மக்களவையும் ஏப்ரல் 2-இல் மாநிலங்களவையும் மசோதாவை நிறைவேற்றின.

இந்தக் கண்காணிப்பு ஏற்பாடு ஒரே நாளில் உருவானதல்ல. 2008 நவம்பரில் நிகழ்ந்த மும்பை தாக்குதலுக்குப் பிறகு, விசா வழங்குவது முதல் அயல்நாட்டவர் நாட்டைவிட்டுப் புறப்படுவது வரை அனைத்தையும் ஒரே கணினி வலையில் இணைக்கும் திட்டத்துக்கு 2010-இல் மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் அளித்தது. அதற்கு ரூ.1,011 கோடி ஒதுக்கப்பட்டது. மும்பை தாக்குதல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டு, 2025 ஏப்ரலில் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட தஹாவூர் ராணா, தாக்குதலுக்குச் சில நாள்கள் முன்பு கொச்சியில் தங்கியிருந்ததாகப் புலனாய்வு அமைப்புகள் கூறியுள்ளன. துறைமுக நகரான கொச்சியில் பதிவு விதிகள் ஏன் கடுமையாகப் பார்க்கப்படுகின்றன என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

மாணவரின் பாதை

மாணவர் விசாவில் வருபவர் 180 நாள்களுக்கு மேல் தங்குவதாக இருந்தால், வந்து சேர்ந்த 14 நாள்களுக்குள் அயல்நாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். கேரளத்தில் கொச்சி, திருவனந்தபுரம், கோழிக்கோடு ஆகிய மூன்று இடங்களில் மண்டலப் பதிவு அலுவலகங்கள் உள்ளன. 2018-இல் தொடங்கப்பட்ட இணையவழிச் சேவையால், பெரும்பாலான பணிகளுக்கு நேரில் செல்ல வேண்டிய தேவை குறைந்துள்ளது. விசாவை நீட்டிக்கவும் பதிவு செய்யவும் கல்வி நிறுவனத்தின் சான்று இன்றியமையாதது. கல்லூரியை மாற்றிக்கொள்ளவும் முன் அனுமதி தேவை.

கல்லூரி அனுப்பும் விவரமும் மாணவர் அனுப்பும் விவரமும் ஒரே அலுவலகத்தில் சந்திக்கின்றன என்பதே இதன் பொருள். பாஸ்போர்ட் எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலோ, சேர்க்கைத் தேதி தவறாகப் பதிவானாலோ, தவறு அலுவலக எழுத்தருடையதாக இருக்கலாம். அதன் விளைவைச் சுமக்கப்போவது மாணவர்தான்.

உயர்கல்விக்கான அகில இந்தியக் கணக்கெடுப்பின்படி, 2021-22-இல் இந்தியாவில் 46,878 அயல்நாட்டு மாணவர்கள் பயின்றனர். இவர்களில் 28 சதவீதத்தினர் நேபாளத்தினர். அவர்களுக்கு விசா தேவையில்லை. ஆப்கானிஸ்தான் (6.7 சதவீதம்), அமெரிக்கா (6.2 சதவீதம்), வங்கதேசம் (5.6 சதவீதம்) ஆகியவை அடுத்த இடங்களில் உள்ளன. வெளிநாட்டில் பிறந்து அந்நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் மலையாளிக் குடும்பத்துப் பிள்ளையும், தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையும் சட்டத்தின் பார்வையில் அயல்நாட்டவரே. ஆகவே, களமசேரியில் உள்ள கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்ற பெரிய நிறுவனங்களோடு நின்றுவிடும் விவகாரமாக இதைக் கருத இயலாது. மட்டாஞ்சேரியின் சிறிய பள்ளியில் அத்தகைய பிள்ளை ஒன்று சேர்ந்தால் அங்கும் விதி பொருந்தும். பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கெனத் தனிப் பிரிவு இருக்கும். பள்ளியில் அப்பணியும் தலைமை ஆசிரியரின் மேசைக்கே வரும்.

யூதர்கள், குஜராத்திகள், கொங்கணிகள், தமிழர் எனப் பல சமூகங்கள் வந்து வேரூன்றிய பகுதி மட்டாஞ்சேரி. 1568-இல் கட்டப்பட்ட யூத வழிபாட்டுத் தலம் இன்றும் அங்கு உள்ளது. வந்தவர் யார் என்ற கணக்கை ஒரு காலத்தில் துறைமுகம் வைத்திருந்தது. இன்று பள்ளியின் சேர்க்கைப் பதிவேடும் அக்கணக்கின் ஒரு பகுதியாகிவிட்டது.

கடல் கடந்த கணக்கு

கேரளத்துக்கு இந்த விவகாரத்தில் மறுபக்கமும் உண்டு. கேரள இடப்பெயர்வு ஆய்வின்படி, அம்மாநிலத்திலிருந்து வெளிநாடு சென்ற மாணவர்களின் எண்ணிக்கை 2018-இல் 1,29,763 ஆக இருந்தது. 2023-இல் அது சுமார் 2.5 லட்சமாக உயர்ந்தது. நாடு முழுவதையும் கணக்கிட்டால், 2024-இல் 13 லட்சத்துக்கும் அதிகமான இந்திய மாணவர்கள் வெளிநாடுகளில் இருந்தனர். அவர்கள் ஒவ்வொருவரும் அந்தந்த நாட்டின் இத்தகைய பதிவேட்டுக்குள் இருப்பவர்களே.

அமெரிக்காவில் 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் 2003-இல் நடைமுறைக்கு வந்த "செவிஸ்" எனும் கணினிப் பதிவேடு, மாணவர் வகுப்பில் சேர்ந்தாரா, பாதியில் விலகினாரா என்பதைக் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்கிறது. 2011-இல் கலிஃபோர்னியாவின் டிரை வேலி பல்கலைக்கழகம் மோசடிப் புகாரில் மூடப்பட்டபோது, ஏராளமான இந்திய மாணவர்கள் சட்டபூர்வ நிலையை இழந்தனர். சிலரது காலில் மின்னணுக் கண்காணிப்புக் கருவி பூட்டப்பட்டதை இந்தியா கண்டித்தது. அதன் நிறுவனருக்கு 2014-இல் 16 ஆண்டுகளுக்கும் மேலான சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

2025 ஏப்ரலில் நிகழ்ந்தது வேறு வகை. கல்லூரிகளுக்கே தெரியாமல் ஆயிரக்கணக்கான மாணவர்களின் செவிஸ் பதிவுகளை அமெரிக்க அதிகாரிகள் ரத்து செய்தனர். காவல்துறைத் தரவுகளில் பெயர் இருந்ததே பலருக்குக் காரணமாகக் காட்டப்பட்டது. மாணவர்கள் நீதிமன்றங்களை நாடினர்; தடை உத்தரவுகள் வந்தன; அந்த மாத இறுதியிலேயே பதிவுகளை மீட்பதாக அரசு அறிவித்தது.

பிரிட்டனில் 2012 ஆகஸ்டில் லண்டன் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்தின் உரிமம் ரத்தானபோது, இரண்டாயிரத்துக்கும் அதிகமான வெளிநாட்டு மாணவர்கள் திகைத்து நின்றனர். மாணவர்களின் வருகையையும் விசா நிலையையும் சரிவரக் கண்காணிக்கவில்லை என்பது பல்கலைக்கழகத்தின் மீதான குற்றச்சாட்டு. கட்டணம் செலுத்தி ஒழுங்காகப் பயின்றவர்களும் அதன் பலனை அனுபவித்தனர்.

கனடாவில் 2024 மார்ச், ஏப்ரல் மாதங்களில் கல்லூரிகள் அளித்த அறிக்கைகளில், ஏறத்தாழ 50,000 மாணவர்கள் வகுப்புக்கு வரவில்லை எனக் குறிக்கப்பட்டனர். அவர்களில் 19,582 பேர் இந்தியர். அறிக்கை அளிக்கத் தவறும் நிறுவனங்கள் புதிய வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க ஓராண்டு வரை தடை விதிக்கும் விதியை அந்நாடு 2024 நவம்பரில் கொண்டுவந்தது.

விடை தேட வேண்டிய கேள்விகள்

தன் எல்லைக்குள் யார் இருக்கிறார்கள் என்பதை அறிந்துகொள்ள எந்த அரசுக்கும் உரிமை உண்டு. போலிக் கல்லூரிகளையும், படிப்பைச் சாக்காக வைத்து ஆளனுப்பும் இடைத்தரகர்களையும் பிடிக்க இத்தகைய பதிவேடு உதவும் என்பதையும் மறுப்பதற்கில்லை. கேள்வி அதன் எல்லை எது என்பதே.

வருகைப் பதிவை அளந்து சொல்லலாம். தேர்ச்சியை மதிப்பெண்ணால் காட்டலாம். "பொதுவான நடத்தை" என்பதற்கு அளவுகோல் எது? வளாகத்தில் நடந்த ஒரு கண்டனக் கூட்டத்தில் நின்றதும் நடத்தையாகக் கொள்ளப்படுமா? தன்னைப் பற்றி அனுப்பப்படும் அறிக்கையைப் படித்துப் பார்க்கவும், தவறிருந்தால் திருத்தக் கோரவும் மாணவருக்கு வாய்ப்பு உண்டா? ஆசிரியர் தன் மாணவரைப் பற்றி அரசுக்கு எழுதும் நிலையில், இருவருக்கும் இடையிலான நம்பிக்கை என்னவாகும்?

மாநிலங்களின் பங்கு குறித்தும் கேள்வி எழுகிறது. அயல்நாட்டினர், விசா ஆகியவை மத்தியப் பட்டியலில் உள்ளன. கல்வியோ, 1976-இன் 42-ஆவது அரசமைப்புத் திருத்தத்துக்குப் பின் பொதுப்பட்டியலில் உள்ளது. மாநில அரசின் நிதியில் நடக்கும் பல்கலைக்கழகம், தன் மாணவர் குறித்து மத்திய உள்துறையின் அமைப்புக்கு நேரடியாகப் பருவந்தோறும் அறிக்கை அளிக்கப்போகிறது. உயர்கல்வியில் ஆளுநர், துணைவேந்தர் விவகாரங்களில் மத்திய அரசோடு மோதிய கேரளமும் தமிழகமும் இதைக் கவனிக்கத் தவறக்கூடாது.

"இந்தியாவில் பயில்வீர்" என்று 2018 முதல் உலக மாணவர்களை அழைத்துவரும் நாடு இது. அழைத்து வரப்பட்டவர், எழுத்தர் செய்த பிழைக்காகத் தண்டிக்கப்படமாட்டார் என்ற உறுதியும் அந்த அழைப்போடு சேர்ந்து வர வேண்டும். நடவடிக்கைக்கு முன் அறிவிப்பு, விளக்கம் அளிக்க அவகாசம், பிழை நிறுவனத்துடையது எனில் மாணவருக்குப் பாதுகாப்பு ஆகிய மூன்றையும் விதிகளில் தெளிவாக எழுதிவைப்பது மத்திய அரசுக்குக் கடினமான காரியமன்று. நம் பிள்ளைகளுக்காக வாஷிங்டனிலும் லண்டனிலும் ஒட்டாவாவிலும் நாம் கேட்கும் நியாயமும் அதுவே.