வழுக்கும் திருகும் உருளும் திருகும்

கச்சிராயப்பாளையத்திலிருந்து கல்வராயன் மலைமேலுள்ள வெள்ளிமலைக்குப் போகும் சாலையை நினைத்துப் பாருங்கள். நேரே ஏற முடியாத உயரத்தை வளைந்து வளைந்து ஏறுகிறோம் அல்லவா? திருகும் ஓர் உருளைமேல் சுற்றிய மலைப்பாதையே. அதில் ஏறி இறங்கும் வண்டிதான் நட்டு.

கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்திற்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது உளியும் கையும் செய்யும் கலை. எந்த இயந்திரமும் அதற்கு ஈடாகாது என்பது என் எண்ணம். ஆனால் வீட்டுப் பட்டறையில் உள்ள சிறிய மில்லிங் இயந்திரத்துக்கு மோட்டாரும் கணினியும் பூட்டி, பலகையில் திருவாசி போல ஒரு வட்டம் வெட்ட முயன்றால் என்ன ஆகும்? வட்டத்தில் நான்கு இடங்களில் சிறு தட்டை விழும். மேசை திசை மாறும் இடங்கள் அவை. திருகுக்கும் நட்டுக்கும் இடையே உள்ள இடைவெளியால், திருகு சிறிது சுழன்ற பிறகே மேசை நகர்கிறது. பட்டறைக்காரர் இதை 'பிளே' என்பார். மேசை நகரும் திசையிலேயே வெட்டுளியின் பற்களும் தள்ளினால், அவை மேசையை அந்த இடைவெளி அளவுக்கு வெடுக்கென்று இழுத்துவிடும், வெட்டுளி முறியும்.

இதற்கு மாற்று பால் ஸ்க்ரூ. திருகின் பள்ளத்துக்கும் நட்டின் பள்ளத்துக்கும் நடுவே எஃகுக் குண்டுகள் உருளுகின்றன. ஒரு முனையில் வெளியேறி, குழாய் வழியாகத் திரும்பி வருகின்றன. 1940-இல் காடிலாக் கார்களின் ஸ்டீயரிங்கில் வந்தது இதே உத்திதான். குண்டுகளைச் சற்றே பருமனாகப் போட்டால் இடைவெளி அடைபட்டுவிடும். கொடுக்கும் உழைப்பில் சுமார் 90 சதவிகிதம் பயனாகிறது. சாதாரணத் திருகில் பாதிகூடக் கிடைப்பது அரிது.

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. மலைச்சாலையில் கிடக்கும் மரக்கட்டை அப்படியே கிடக்கும். அதன் அடியில் சக்கரம் வைத்தால் உருண்டோடும். பழைய திருகு உராய்வினால் தானே நிற்கும். பால் ஸ்க்ரூவோ மின்சாரம் போனவுடன் இயந்திரத்தின் கனத்த தலையைக் கீழே இறக்கிவிடும், கை அடியில் இருந்தாலும்! ஆகவே செங்குத்து அச்சுக்கு பிரேக் உள்ள மோட்டாரோ எதிர் எடையோ கட்டாயம் வேண்டும்.

பொருத்தும்போது நட்டை வெறுமனே கழற்றாதீர்கள். குண்டுகள் தரையெங்கும் சிதறும். திருகின் அடிவிட்டத்தைவிடச் சற்றே மெல்லிய குழாயை முனையில் வைத்து, நட்டை அதன்மேல் நகர்த்த வேண்டும். ஒரு முனையை எதிரெதிராக வைத்த இரு கோணத் தொடு பேரிங்குகளால் இறுக்கிப் பிடியுங்கள். மறுமுனை நீளவாக்கில் நகர இடம் கொடுங்கள். ஒரு மீட்டர் எஃகு 10 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் நீளும். இரு முனையும் கட்டுண்டால் திருகு வளையும். நட்டைப் பேரிங்கின் அருகே கொண்டுவந்த பிறகே அதன் போல்ட்டுகளை முடுக்குங்கள். பிறகு கையால் சுற்றி மறுமுனைவரை ஓட்டிப் பாருங்கள். எங்கேனும் இறுகினால், நேர்க்கோடு தவறியிருக்கிறது. மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்யலாம்.

ஆனால் வாங்குவதற்கு முன் டயல் கேஜை மேசையில் வைத்து, திருகைச் சுழலாமல் பிடித்துக்கொண்டு, மேசையை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். ஆட்டம் பல வேளைகளில் நட்டில் இருப்பதில்லை, தேய்ந்த முனைப் பேரிங்கில் இருக்கும். அப்படியானால் செலவு மிகவும் குறைவு.