கல்யாணம் பதிவானதும் சேமநிதியைப் பாருங்கள்

செம்பவாங்கில் பெற்றோர் இருக்க, புதிதாக மணமான பிள்ளை வீடு தேடினால் பாசமும் கணக்கும் சேர்ந்தே பேசும். பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் மறுவிற்பனை வீவக வீடு வாங்கினால், தகுதியுள்ள தம்பதிக்கு 20,000 வெள்ளி மானியம் உண்டு. பெற்றோரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தால் 30,000. செம்பவாங் எம்ஆர்டி பக்கம் அம்மா இருந்தால் ஈசூன் நிலையத்துப் பக்கமும் அந்தத் தூரத்துக்குள் அடங்கும். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டியும் கிடைப்பார்.

வீட்டுத் தவணையைப் பெரும்பாலோர் மத்திய சேமநிதியிலிருந்துதான் கட்டுகிறார்கள். 1955இல் தொடங்கிய இந்த நிதிக்கு, 55 வயது வரை சம்பளத்தில் 20 விழுக்காடு ஊழியரும் 17 விழுக்காடு முதலாளியும் செலுத்துகிறார்கள். பல குடும்பங்களுக்கு வீட்டுக்கு அடுத்த பெரிய சொத்து இதுதான். ஆனால், நமக்குப் பின் இது யாருக்குப் போகும் என்பதைக் கேட்காமலே விட்டுவிடுகிறோம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மகன் அம்மாவின் பெயரை வாரிசாக நியமித்தான் என்று வைத்துக்கொள்வோம். கல்யாணம் ஆனதும் அந்த நியமனம் சட்டப்படி ரத்தாகிவிடும். புதிதாக எழுதாமலே அவன் இறந்துபோனால் பணம் பொது அறங்காவலரிடம் போய், வாரிசுச் சட்டப்படி பிரியும்: மனைவிக்குப் பாதி, பிள்ளைகளுக்குப் பாதி. மாதாமாதம் அவன் கொடுத்த காசில் வாழ்ந்த அம்மாவுக்கு ஒரு வெள்ளியும் வராது. பிள்ளைகள் இல்லாவிட்டால்தான் பெற்றோருக்குப் பாதி. (முஸ்லிம்களுக்கு ஃபராயிட் முறை பொருந்தும்.)

"உயில் எழுதியிருக்கிறேனே" என்பவர்கள் உண்டு. சேமநிதிப் பணத்தை உயில் கட்டுப்படுத்தாது. இன்னொன்றும் பலருக்குத் தெரியாது: திருமணம் ரத்து செய்கிற நியமனத்தை மணமுறிவு ரத்து செய்யாது. பிரிந்துபோன கணவரின் பெயரை மாற்றாமல் விட்டால் பணம் அவருக்கே போகும், வளர்த்த பிள்ளைகளுக்குப் போகாது. வீடு இதில் சேராது. இருவர் பெயரிலும் கூட்டு உரிமையாக வாங்கிய வீடு, உயிரோடு இருப்பவருக்கு வந்துவிடும்.

கல்யாண வீட்டில் சாவுப் பேச்சு எதற்கு என்று பெரியவர்கள் தயங்குவார்கள். மாமியாருக்கு எவ்வளவு, மருமகளுக்கு எவ்வளவு என்ற பேச்சு வீட்டில் மனக்கசப்பைக் கிளப்பும் என்ற பயமும் உண்டு. ஆனால் பேசாமல் விட்டால் அந்தக் கசப்பு துக்க வீட்டில் வெடிக்கும். அப்போது சரிசெய்ய ஆளே இருக்க மாட்டார். யாருக்கு எத்தனை விழுக்காடு என்று பிரித்தே எழுதலாம் என்பதால், அம்மாவையும் மனைவியையும் ஒரே படிவத்தில் காப்பாற்ற முடியும்.

இந்த நியமனத்தைச் சிங்பாஸ் வழியாக இணையத்திலேயே செய்துவிடலாம். 21 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள் வேண்டும். பணம் பெறப்போகிறவர் சாட்சியாக இருக்கக் கூடாது. கட்டணம் கிடையாது. கல்யாணம் பதிவான மாதமே முடித்துவிடுங்கள். எழுதியதை வீட்டில் அம்மா, மனைவி இருவருக்கும் சொல்லிவிடுங்கள்.